போன் படுத்தால் மொத்தம் ஏன் பூஜ்யம்?

கேள்வி: எங்கள் தெருவில் தண்ணீர் கேன் போடும் அண்ணனுக்காக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் எழுதினேன். பெயர், தெரு, கேன் எண்ணிக்கை போட்டு 'கூட்டு' பட்டனை அழுத்தினால் மொத்தம் வரும். போனைப் படுக்கவைத்தால் பெயரும் தெருவும் அப்படியே இருக்கின்றன, மொத்தம் மட்டும் பூஜ்யமாகிவிடுகிறது. திரை திரும்பாதபடி போர்ட்ரெயிட்டில் (நிமிர்ந்த நிலையில்) பூட்டிவிட்டேன். இது போதுமா மேடம்?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

போதாது தம்பி. போன் திரும்பியதும் ஆண்ட்ராய்டு உங்கள் ஆக்டிவிட்டியை (ஆப்பின் ஒரு திரையை நடத்தும் பகுதியை) அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டுகிறது. படுத்த திரைக்கென்று வேறு லேஅவுட் (திரை அமைப்பு) வைத்திருந்தால் அதை எடுக்க வேண்டுமே, அதற்காக. ஐடி (அடையாளப் பெயர்) கொடுத்த எடிட்டெக்ஸ்ட் என்னும் எழுதும் பெட்டிகள் தங்கள் எழுத்தைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும். பெயரும் தெருவும் தப்பியது அப்படித்தான். மொத்தம் நீங்கள் வைத்த வேரியபிள். அது பழைய ஆக்டிவிட்டியோடு போய்ச் சேர்ந்தது.

இதற்கு மொத்தத்தைச் சேமிக்கவே வேண்டாம். கேன் எண்ணிக்கை பெட்டியில் இருக்கிறது, விலை உங்களுக்குத் தெரியும், மறுபடி பெருக்கினால் தீர்ந்தது. ஆனால் ஆக்டிவிட்டி உருவாகும்போது ஓடும் ஆன்கிரியேட்டில் பெருக்காதீர்கள், அப்போது பெட்டி இன்னும் காலி. சேமித்ததைத் திருப்பித் தரும் ஆன்ரீஸ்டோர்இன்ஸ்டன்ஸ்ஸ்டேட்டில் சூப்பரை (ஆண்ட்ராய்டின் மூலச் செயலை) அழைத்த அப்புறம்தான் பெட்டி நிரம்பியிருக்கும்.

பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். நானும் பூட்டியவள்தான். சில வருஷங்களுக்கு முன் கோயம்பேடு பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காரருக்கு எடை குறிக்கும் ஆப் செய்துகொடுத்தேன். ஒருநாள் விடிகாலை நாலு மணிக்கு அழைத்தார். "மல்லி இருபத்தேழு வரி போட்டேன் மேடம், ஒண்ணுகூட இல்ல." போனைத் திருப்பவே இல்லை என்று சத்தியம் செய்தார். பூட்டியிருந்ததால் திருப்பியிருந்தாலும் திரை திரும்பியிருக்காது. நேரில் போய்ப் பார்த்தால், நடுவில் மூட்டையைப் படமெடுக்கக் கேமராவைத் திறந்திருக்கிறார். 2 ஜிபி ராம் போன். கேமராவுக்கு இடம் வேண்டி ஆண்ட்ராய்டு என் ஆப்பைப் பின்னணியில் முடித்துவிட்டது. நானோ 'முடி' பட்டனை அழுத்தும் வரை எல்லா வரியையும் வியூமாடலில் (திரைக்கான தகவலை நினைவகத்தில் வைத்திருக்கும் பகுதியில்) தேக்கி வைத்திருந்தேன். வியூமாடல் திரை திரும்பினால் பிழைக்கும், ஆப்பின் பிராசஸே (ஓடிக்கொண்டிருக்கும் ஆப் முழுவதுமே) போனால் பிழைக்காது. வாழைநார்க் கட்டுகளுக்கு நடுவே நின்று அவரிடம் வியூமாடலைப் பற்றியா பேச முடியும்? மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

இப்போது ஒவ்வொரு வரியும் போட்டவுடனே போனிலேயே சேமிக்கும் ரூம் டேட்டாபேஸுக்குப் போய்விடுகிறது. உங்கள் அண்ணனின் அன்றைய பட்டியலுக்கும் அதுதான் இடம். பாதி தட்டிய எண் போன்ற சில்லறைகளை மட்டும் ஆன்சேவ்இன்ஸ்டன்ஸ்ஸ்டேட் தரும் பண்டிலில் (சிறு தகவல் பொட்டலத்தில்) போடுங்கள். பட்டியலையே அந்தப் பண்டிலில் திணித்தால் ஆப் விழும். பண்டிலை சிஸ்டத்துக்கு அனுப்பும் பரிமாற்றத்துக்கான இடம் 1 எம்பிதான், அதிலும் மற்றவற்றுக்குப் பங்கு உண்டு.

பூட்டுக்கே இப்போது மரியாதை குறைந்துவிட்டது. 2025-ல் வந்த ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காக வைத்துக் கட்டும் ஆப்பில், திரையின் குறுகிய பக்கம் 600 டிபி (திரை அளவைக் குறிக்கும் ஆண்ட்ராய்டு அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் சிஸ்டம் உங்கள் பூட்டைக் கண்டுகொள்ளாது (கேம்களுக்கு விலக்கு உண்டு). அண்ணன் நாளைக்கு ஒரு டேப்லெட் வாங்கினால் அந்தப் பூஜ்யம் திரும்பி வரும்.

சோதிக்க ஒரு குறுக்குவழி: டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' இருக்கும், வெளியே போனதும் ஆக்டிவிட்டியை அழிக்கும் அதைப் போட்டுவிட்டு ஆப்பை விட்டு வெளியே போய்த் திரும்பி வாருங்கள்.

கேள்வி: ஆப்பின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில் கான்ஃபிக்சேஞ்சஸ் என்று ஒரு வரி எழுதினால் திரை திரும்பினாலும் ஆக்டிவிட்டி அழியாது என்கிறார் என் சீனியர். சரியா?
– வாசகி, அம்பத்தூர்

பாதி சரி. அந்த வரியில் ஓரியன்டேஷன் (திரையின் திசை) என்று மட்டும் எழுதினால் பலிக்காது, ஆண்ட்ராய்டு 3.2-லிருந்து ஸ்கிரீன்சைஸையும் (திரை அளவு) சேர்க்க வேண்டும். வீடியோ பிளேயருக்கு நல்ல வழி, நானே வைத்திருக்கிறேன். படிவத்துக்கு வேண்டாம். படுத்த திரைக்கான லேஅவுட் தானாக வராது. டார்க் மோடு மாறினாலும், போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றினாலும் ஆக்டிவிட்டி எப்போதும் போல அழியத்தான் செய்யும். உங்கள் சீனியர் ஐபோனிலிருந்து வந்தவரா? அங்கே திரை திரும்பினால் திரையை நடத்தும் வியூகன்ட்ரோலர் அழிவதில்லை, அளவு மாறுகிறது என்ற தகவல் மட்டும்தான் வரும்.