கடிதம் காணாமல் போவதை நம்பலாம், வில்லனைத்தான் நம்ப முடியாது

கேள்வி: சரித்திரக் காதல் நாவல்களில், அதிலும் கொஞ்சம் மர்மம் கலந்தவற்றில், ஒரு கடிதம் கைக்குக் கிடைக்காமல் போய் இருவரும் பத்து வருஷம் பிரிந்து கிடக்கிறார்கள், கடைசியில் சேர்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்குமே! இதையெல்லாம் எப்படி நம்பிப் படிக்கிறீர்கள்?

நீங்கள் போனோடு வளர்ந்தவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் ரெண்டு டிக், படித்ததும் நீல டிக் என்று பார்த்துப் பழகிவிட்டால், எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்றே தெரியாமல் ஒருத்தர் வருஷக்கணக்கில் இருப்பாரா என்றுதான் தோன்றும். இருப்பார். எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் அடுப்பில் வைத்த பாலைக்கூட மறந்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த நாவல்கள். நீங்கள் சொல்வது பெரும்பாலும் இங்கிலாந்தின் ரீஜென்சி காலத்துக் கதைகளாக இருக்கும், 1811இலிருந்து 1820 வரை, ராஜாவுக்குப் புத்தி சரியில்லாமல் மகன் ராஜ்ஜியத்தைப் பார்த்துக்கொண்ட காலம். அம்மா தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் வேலை பார்த்தபோது, மாற்றலாகிப் போன ஒரு மேனேஜர் குடும்பம் இந்த வகைப் புத்தகங்களை ஒரு டீப்பெட்டி நிறைய விட்டுவிட்டுப் போனது. அட்டை இல்லாதவை, கடைசிப் பக்கம் இல்லாதவை, எல்லாம் உண்டு. நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டதே அதில்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அந்தக் காலத்தில் அங்கே கடிதத்துக்குக் காசு கொடுக்க வேண்டியது பெரும்பாலும் எழுதியவர் இல்லை, வாங்குகிறவர். தூரத்துக்குத் தக்கபடி, தாளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி கட்டணம். தாளை மிச்சம் பிடிக்க, எழுதிய பக்கத்தையே திருப்பி வைத்துக் குறுக்கே இன்னொரு முறை எழுதுவார்கள். 1840இல்தான் அனுப்புகிறவர் ஒரு பென்னி கட்டினால் நாட்டின் எந்த மூலைக்கும் போகும் என்று ஆனது. அதற்கு முன்னால் ஒரு பெண்ணுக்குக் கடிதம் வந்தால் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அவளுடைய அப்பாதான், அவர் வாங்கவில்லை என்றால் அது வந்த வழியே போகும். நிச்சயம் ஆகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வதே குடும்ப மரியாதைக்குக் குறைச்சல். கல்யாணத்துக்கும் அதே கதைதான். 1753ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு 21 வயது ஆகாதவர்கள் பெற்றவரை மீறி இங்கிலாந்தில் கல்யாணம் செய்துகொள்ள வழி அடைபட்டது. அதனால்தான் நாவலுக்கு நாவல் ஸ்காட்லாந்து எல்லையில் இருக்கும் கிரெட்னா கிரீனுக்கு ராத்திரியோடு ராத்திரியாக வண்டி ஓடுகிறது, அந்தச் சட்டம் அங்கே செல்லாது. இப்படிப்பட்ட ஊரில் அந்த ஒரு வார்த்தையை யார் போய் யாரிடம் கேட்பது?

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். பெயர்களைச் சொல்லப் போவதில்லை, பேரப்பிள்ளைகள் இந்தத் தளத்தில் இருக்கிறார்கள்.

நாங்கள் இலங்கை மலைநாட்டிலிருந்து வந்து கோத்தகிரிப் பக்கம் குடியேறியவர்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, நாடில்லாமல் நின்ற எங்களைப் போன்ற ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லைன் என்றும் சொல்வோம்) அண்ணன் இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட, தம்பி இலங்கைக்குப் போட்டார். எங்கள் தாத்தா இந்தியாவுக்குப் போட்டார். அத்தைக்கு என்று பேசி வைத்திருந்த முறைப்பையன் வீட்டில் இலங்கைக்குப் போட்டார்கள். இதில் இரண்டு பெரியவர்களுக்கும் பேச்சு முற்றிப்போய் முகம் கொடுத்துப் பேசுவது நின்றுவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் குடும்பம் கிளம்பியது. தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலை அங்கே ஒப்பாரிக் கோச்சி என்பார்கள், ஏறுகிறவர்களும் ஏற்றிவிட வந்தவர்களும் அப்படி அழுவார்களாம். அப்புறம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து மலை. இங்கே வந்தவர்களுக்காகவே அரசாங்கம் 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியிருந்தது, நிறையப் பேர் அதில் போனார்கள். எங்கள் ஆட்களுக்கு வாய்த்தது ஒரு தனியார் தோட்டம்.

கோச்சி கிளம்பும்போது மாமா (அந்த முறைப்பையனை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறோம்) அத்தையிடம் ஜன்னல் வழியாகச் சொன்னது ஒன்றுதான், நான் எழுதறேன் என்று. இங்கே வந்த பிறகு அத்தை மஸ்டருக்கு, அதாவது காலையில் பெயர் கொடுக்க, போகும்போதெல்லாம் ஆபீஸ் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தோட்டத்தில் தபால்காரர் வீடு வீடாக வர மாட்டார். மொத்தத் தபாலும் ஆபீஸுக்கு வரும், காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அத்தையின் பெயரை யாரும் கூப்பிடவே இல்லை.

இங்கேதான் உங்கள் கேள்வி வருகிறது. அத்தையே எழுதிக் கேட்டிருக்கலாமே? அத்தைக்கு எழுதத் தெரியாது. லைனில் எழுதத் தெரிந்தவர் ஒருத்தர்தான், எல்லார் வீட்டுக் கடுதாசியும் அவர் கையால்தான். அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “என்னை மறந்துட்டீங்களா” என்று சொல்லச் சொல்ல அவர் எழுத வேண்டும், எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார், சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதுவே பேச்சாக இருக்கும். கல்யாண வயதில் இருக்கும் பெண் இதைச் செய்வாளா? நீங்கள் ஒரு வார்த்தை என்று சொல்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தைக்கு நடுவில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

அங்கே மாமாவும் கொஞ்ச நாள் பார்த்தார். 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம், சாப்பாட்டுக்கே வழியில்லாமல் பலர் வவுனியாப் பக்கம் இறங்கினார்கள், அவரும் போய்விட்டார். அங்கே கல்யாணம் ஆகி, ஒரு பையன் பிறந்து, அந்த அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு வந்தவர்களில் மாமாவும் பையனும் உண்டு. குன்னூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அத்தை அதுவரை கல்யாணம் வேண்டாம் என்றே இருந்தவர். பந்தி நடந்துகொண்டிருக்கிறது, அத்தை வாளியில் சாம்பாரோடு வருகிறார், மாமா இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம்: “அத்தனை கடுதாசி போட்டேனே, ஒண்ணுக்குப் பதில் போடக் கூடாதா?” அத்தை, “எந்தக் கடுதாசி?” என்றார். அவ்வளவுதான். பக்கத்து இலைக்காரருக்கு இன்னும் சாம்பார் வரவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணம் பழனியில் நடந்தது. பையனோடு வருகிறவருக்கா கொடுப்பது என்று வீட்டில் எழுந்த சண்டையை எழுதினால் இந்தப் பதில் முடியாது.

நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது. கடிதங்கள் எங்கே போயின? மொத்தக் குடும்பமும் ஒரே ஆளைத்தான் பார்த்தது. தாத்தாவை. அந்த வீட்டோடு அவருக்குப் பகை, ஆபீஸில் கங்காணியோடு அவருக்குப் பழக்கம், வேறு யார் செய்திருப்பார்கள்? “நான் கண்ணால கூடப் பார்க்கலை” என்று தாத்தா சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. சினிமாவில் எத்தனை அப்பாக்கள் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்கிறார்கள்! அத்தை அவருக்கு வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுபோய் வைப்பார், பேச மாட்டார். அந்தப் பழியோடுதான் தாத்தா போனார்.

பல வருஷம் கழித்து மாமாவின் பெரியம்மா ஒருத்தர் அங்கிருந்து வந்தார். பாஸ்போர்ட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த நீல ஏரோகிராம்கள், தாளையே உறையாக மடித்து ஒட்டி அனுப்பும் விமானத் தபால். மாமா வவுனியாவுக்குப் போன பிறகு பழைய தோட்டத்து விலாசத்துக்குத் திரும்பி வந்தவை. ஒட்டியது ஒட்டியபடி, யாரும் பிரிக்கவே இல்லை. முகவரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் ‘இந்தப் பெயரில் ஆள் இல்லை’ என்று இங்கிலீஷில். ஆபீஸ் கிளார்க் எழுதியது. விஷயம் இதுதான்: தாத்தா பெயருக்குப் போட்டால் தாத்தாதான் பிரிப்பார் என்று மாமா அத்தை பெயருக்கே போட்டிருக்கிறார், வீட்டில் கூப்பிடும் பெயருக்கு. மாமாவுக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். அத்தையின் பாஸ்போர்ட்டில் இருந்தது பிறந்தபோது தோட்டத்தில் பதிந்த வேறு பெயர், கோத்தகிரித் தோட்டத்துச் செக்ரோலிலும், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டிலும், அதுதான். கிளார்க் செக்ரோலைப் பார்த்திருப்பார், ஆள் இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்ததில் தப்பே கிடையாது.

அதனால் எனக்கு இந்த நாவல்களில் கடிதம் தொலைவது உறுத்துவதே இல்லை. யாரோ ஒரு சித்தியோ மாமனோ கதவுக்குப் பின்னால் நின்று அதை ஒளித்து வைத்தார் என்று இருபதாம் அத்தியாயத்தில் வரும் பாருங்கள், அங்கேதான் புத்தகத்தை மூடத் தோன்றும். கடிதம் சேராமல் போக யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ எனக்கு ஏன் பிடிக்கும் என்றால் அதில் கடிதம் தொலைவதே இல்லை. அவர் இறந்த பிறகு 1817 டிசம்பரில் வெளிவந்த புத்தகம். பத்தொன்பது வயதில் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு வேண்டாம் என்றவளை, எட்டு வருஷம் கழித்து அந்தக் கப்பல்காரன் மறுபடி பார்க்கிறான். கடைசியில் கேட்கிறான், பிரிந்து இரண்டு வருஷத்தில் கையில் காசும் பதவியும் வந்தபோதே நான் எழுதியிருந்தால் பதில் போட்டிருப்பாயா என்று. போட்டிருப்பேன் என்கிறாள். அவன் எழுதவில்லை, ரோஷம். இந்தக் கதையை அத்தைக்குக் கொழுந்து லீவு நாளில் சொன்னேன். “தன் ரோஷந்தான் காரணம்னு அவனே ஒத்துக்கிட்டானா? அப்ப நல்லவன்தான்” என்றார்.

உடனே ஒருத்தர் வருவார், காத்திருக்கும் பெண்ணைப் புகழ்ந்து எழுதுகிறாயா என்று. இல்லை. அத்தை காத்திருக்கவில்லை, அவருக்கு வேறு யாரையும் பிடிக்கவில்லை, சம்பளம் சொந்தமாக வந்தது, தைரியமாக இருந்தார். இரண்டாவது வாய்ப்பு எல்லாருக்கும் வரும் என்றும் நான் சொல்லவில்லை. அந்த ஒப்பாரிக் கோச்சியில் பிரிந்து அதோடு முடிந்துபோனவர்கள்தான் எங்கள் லைனில் அதிகம்.

இந்தப் பெயர், விலாசத் தொல்லை பழங்கதை என்று நினைக்காதீர்கள். போன மாதம் ஒரு புத்தகம் ஆர்டர் செய்தேன். கொரியர் பையன் டவுனில் நின்றுகொண்டு போன் பண்ணுகிறான், “மேல எல்லாம் வண்டி வராதுக்கா, நீங்க வந்து வாங்கிக்கோங்க.” போகப் பஸ், வரப் பஸ், அரை நாள் கூலி. போகவில்லை என்றால் ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று மெசேஜ் வருகிறது. நான் வீட்டிலேயேதான் இருந்தேன்! அதையும் இதையும் ஏன் கோர்க்கிறாய் என்று கேட்பீர்கள், எனக்கு எரிச்சல், வேறு எங்கே போய்ச் சொல்ல.

இன்னொன்று, தமிழில் சரித்திரக் கதை எழுதுகிறவர்கள் சோழ நாட்டை விட்டு மேலே ஏறி வந்தால் தேவலை. நீலகிரியில் நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்ட (மலேரியா மருந்துக்கான மரம்) வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள், விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு கூடலூர் வழியில் குடும்பம் நடத்தினார்கள், மக்களின் இனம், சாதி பற்றி ஆராய்ந்த எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1890களில் அந்தக் குடும்பங்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெண்களின் வீட்டில் என்ன சண்டை நடந்திருக்கும் என்று யாராவது எழுதினால் முதல் பிரதி நான் வாங்குகிறேன். கொரியரில் வேண்டாம்.

கமெண்டில் ஏரோகிராம் படம் போடச் சொல்லிக் கேட்க வேண்டாம். அத்தை இன்னும் அதைப் பிரிக்கவில்லை, எழுதியவரே வீட்டில் இருக்கும்போது எதுக்கு என்கிறார், நானும் வற்புறுத்தப் போவதில்லை.