கேரவன் ஜெனரேட்டர் 20 நிமிடத்தில் அணைந்துபோகிறது: இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் வீடு. பழைய வேன் ஒன்றைக் கேரவனாக மாற்றி வைத்திருக்கிறோம். வேளாங்கண்ணி, ஊட்டி என்று வருடத்துக்கு நாலைந்து முறை குடும்பத்தோடு போவோம். மற்ற நாளெல்லாம் வாசலில் நிற்கும். அடியில் 5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர், தண்ணீரில் குளிரும் வகை. கெட்டுப்போகக் கூடாதென்று வாரம் தவறாமல் ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்துவிடுகிறேன். இருந்தும் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, வெள்ளைப் புகை வருகிறது. ஏசி போட்டால் சத்தம் ஏறி இறங்கி, 20 நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. சற்று நேரம் விட்டால் திரும்ப ஓடுகிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். மீட்டரில் 200 மணி நேரம்கூட ஆகவில்லை. பிரிக்கலாமா? ஆயிலை எப்போது மாற்றுவது?

பதில்: இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். 200 மணி நேரம் என்பது டீசல் இன்ஜினுக்கு ஓட்டமே இல்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்ஜினுக்கு வெளியே, டீசல் வரும் வழியில் இருக்கிறது. மிச்சத்துக்கு அந்த ஐந்து நிமிட ஓட்டம்தான் காரணம்.

முதலில், அது எப்படி அணைகிறது என்று கவனியுங்கள். சூடு ஏறியோ ஆயில் பிரஷர் குறைந்தோ அணைந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நிற்கும். பேனலில் அதற்கான விளக்கோ பிழைக் குறியீட்டு எண்ணோ வரும். டீசல் போதாமல் அணைந்தால் அப்படி நிற்காது. சத்தம் ஏறும், இறங்கும், உள்ளே பல்பு மினுங்கும், கடைசியில் திணறி நிற்கும். நீங்கள் சொல்வது இரண்டாவது வகை. சற்று நேரம் விட்டால் ஓடுவதும் அதற்குப் பொருந்துகிறது. அடைத்த ஃபில்டர் வழியே டீசல் மெதுவாகக் கசிந்து சேர்ந்துவிடுகிறது, அது தீரும் வரை ஓடுகிறது.

டேங்க் அளவையும் பாருங்கள். ஜெனரேட்டருக்கு வண்டியின் டேங்கிலிருந்தே டீசல் எடுத்திருந்தால், உறிஞ்சும் குழாயைப் பெரும்பாலும் வேண்டுமென்றே குட்டையாக வைத்திருப்பார்கள். கால் டேங்குக்குக் கீழே போனால் ஜெனரேட்டருக்கு டீசல் எட்டாது. இரவு முழுக்க ஏசி ஓட்டிவிட்டுக் காலையில் பங்க் வரை போக டீசல் இல்லாமல் நிற்கக் கூடாதென்று செய்த ஏற்பாடு அது. இதைப் பழுது என்று நினைத்துச் செலவு செய்தவர்கள் உண்டு.

டேங்கில் டீசல் இருந்தும் இதே கதை என்றால், ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, கால் லிட்டர் அளவுக்குப் பாட்டிலில் பிடித்து, பத்து நிமிடம் அசைக்காமல் வெளிச்சத்தில் வையுங்கள். சுத்தமான டீசல் ஒரே நிறமாகத் தெளிந்து நிற்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து கோடு விழும். அந்தக் கோட்டை ஒட்டிக் கருப்பாகவோ பழுப்பாகவோ பாசி மாதிரி கொழகொழவென்று ஏதாவது மிதந்தால், டேங்குக்குள் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில்தான் அது வளரும். ஃபில்டரை அடைப்பதும் அதுதான். அப்படியானால் ஃபில்டரை மட்டும் மாற்றினால் அடுத்த பயணத்திலேயே மறுபடி அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவத்தான் வேண்டும்.

பாதி காலியான டேங்க்தான் இதற்கு வாசல். பகலில் வெயில், இரவில் ஈரக்காற்று. உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் டேங்க் சுவரில் வியர்த்து டீசலில் இறங்கும். வண்டியை நிறுத்திப் போடுவதானால் டேங்கை நிரப்பியே போடுங்கள். புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்று எல்லையில் இருக்கும் முள்ளோடை வரை போய் நிரப்பிக்கொண்டு வரும் கடலூர்ப் பழக்கம் இந்த விஷயத்தில் நல்லதே. கேனில் பிடித்து வந்து வண்டிக்குள் அடுக்குவது மட்டும் வேண்டாம்.

பாட்டிலில் ஒன்றும் தெரியவில்லையா? சுத்தமான டீசலை ஒரு சிறு கேனில் எடுத்து, தனி ஹோஸ் போட்டு நேராக ஜெனரேட்டரின் டீசல் பம்புக்குக் கொடுத்து, ஏசி போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் திணறாமல் ஓடினால் இன்ஜின் நிரபராதி. கோளாறு டேங்க், ஹோஸ், டேங்க் மூடியின் காற்றுத் துளை, இவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் கசிவைத் தேடிக் கிடைக்காது. ஹோஸையும் கிளாம்பையும் மொத்தமாக மாற்றிவிடுவதே மேல், பெரிய செலவில்லை. ஃபில்டர் மாற்றியதும் கை பம்பை அழுத்தி, குமிழ் நிற்கும் வரை ஏர் எடுக்க வேண்டும், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் மட்டும் நீங்கள் கை வைக்காதீர்கள். அதில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இனி அந்த ஐந்து நிமிடம். நல்லெண்ணத்தில் செய்கிறீர்கள், ஆனால் இன்ஜினுக்கு அதுதான் ஆகாது. டீசல் இன்ஜின் லோடு (ஏசி, ஹீட்டர் போன்றவை இழுக்கும் மின்சுமை) இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் முழுக் காற்றை இழுக்கும். டீசல் அளவு மட்டும்தான் மாறும். லோடு இல்லாதபோது துளி டீசல், நிறைய காற்று. சிலிண்டர் சூடே ஏறாது. எரியாத டீசலும் கரியும் இன்ஜெக்டர் முனையிலும் பிஸ்டன் ரிங்கிலும் சைலன்ஸரிலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். சைலன்ஸர் வாயில் விரலை விட்டுப் பாருங்கள் (ஆறிய பிறகுதான்). உலர்ந்த கரி என்றால் பரவாயில்லை. கறுப்பு எண்ணெய் மாதிரி ஒட்டினால் கார்பன் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்றும் உண்டு: ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. சூடான இன்ஜினில் அது புகையோடு போய்விடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் சைலன்ஸரிலும் ஆயிலிலும் தங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

ஆகவே வாராவாரம் வேண்டாம். மாதம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், பாதி லோடாவது கொடுத்து ஓட்டுங்கள். உங்கள் ஜெனரேட்டருக்குப் பாதி லோடு என்றால் சுமார் 2 கிலோவாட். ஏசியை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே குளிர்ந்ததும் அது ஓய்வெடுக்கப் போய்விடும். ஒரு டிரம் தண்ணீரில் 1500 வாட் ஹீட்டர் ராடைப் போட்டு, கூடவே ஏசியையும் ஓட்டினால் கணக்கு சரியாக இருக்கும். ராடு ஓடும்போது தண்ணீரைத் தொட்டுப் பார்க்கக் கூடாது, குழந்தைகளையும் பக்கத்தில் விடக் கூடாது. ஸ்டார்ட் செய்ததும் மூன்று நிமிடம் லோடு இல்லாமல் ஓடட்டும். அணைக்கும் முன்பும் அப்படியே. இப்படி இரண்டு மூன்று முறை ஓட்டினாலே லேசாகப் பிடித்த கார்பன் எரிந்துபோய், வெள்ளைப் புகை குறைவதைப் பார்க்கலாம். குறையவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கையும், அப்புறம் இன்ஜெக்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள். நீலப் புகை வந்து, ஆயிலும் குறைந்து, கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் வலு) இல்லை என்று தெரிந்தால்தான் பிரிக்கும் பேச்சு.

ஓட்டும்போது ஹெர்ட்ஸ் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றை பிளக்கில் செருகி வையுங்கள். லோடு இல்லாமல் 51, 52 காட்டி, லோடில் 50-ஐ ஒட்டி வந்து நிலையாக நின்றால் நல்லது. ஊசலாடினால் இன்னும் டீசல் சரியாக வரவில்லை.

ஆயிலுக்கு உங்கள் கையேட்டில் உள்ள மணிக்கணக்கு ஒன்று, ஒரு வருடம் ஒன்று. எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். உங்களுக்கு எப்போதும் வருடம்தான் முதலில் வரும். கொஞ்சமாக ஓடிய ஆயில் புதுசுதானே என்று விடாதீர்கள், அதில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும். நீண்ட நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் நிறுத்துவதற்கு முன் மாற்றுங்கள். கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் உப்பையும் பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்தும்போது ஜெனரேட்டர் பெட்டியின் காற்றுத் துவாரங்கள் கடலைப் பார்த்து இருக்க வேண்டாம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிடுங்கள். பிரஷர் வாஷ் அடித்தால் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்குள் தண்ணீர் போகும். பேட்டரி முனைகளுக்கும் எர்த் ஒயர் போல்ட்டுக்கும் வாஸ்லின் தடவுங்கள். ஸ்டார்ட் ஆக நேரமாவதற்கு பச்சை பூத்த ஒரு எர்த் போல்ட்டே காரணமாக இருக்கலாம்.

உப்பு அரிப்பதில் உயிருக்கு ஆபத்தானது புகைக் குழாயும் பெட்டியின் தரையும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு அடியிலிருந்து உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று பிறகு நடந்த சோதனையில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை, தூங்குபவர் எழவே மாட்டார். பெட்டியில் ஒயர் போகும் ஒவ்வொரு துளையையும் அடையுங்கள். சைலன்ஸர் இணைப்புகளில் கரிக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அங்கே புகை கசிகிறது. புகை வாய் வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீள வேண்டும், அதன் மேல் ஜன்னல் இருக்கக் கூடாது. படுக்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம், அதற்கும் காலாவதித் தேதி உண்டு. இவை சரியாகும் வரை ஜெனரேட்டரை ஓடவிட்டு யாரும் உள்ளே தூங்க வேண்டாம்.

வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் முதுநகர் துறைமுகப் பக்கம் விசாரியுங்கள். படகு டீசல் இன்ஜின்களிலேயே புழங்குபவர்களுக்கு ஏர் லாக்கும் (டீசல் குழாயில் காற்று சிக்குவது) உப்புத் துருவும் அன்றாட வேலை. கரண்ட் பக்கத்துக்கு மட்டும் மோட்டார் காயில் சுற்றும் வைண்டிங் கடைக்காரர்தான் சரி. மழைக்காலம் முடிந்ததும் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து காயிலில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசிக்கு முன்பே வண்டியை மேடான இடத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. ஃபெஞ்சல் புயலின்போது எவ்வளவு தண்ணீர் நின்றது என்று உங்களுக்கே தெரியும். ஒருவேளை பெட்டி மூழ்கிவிட்டால் எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஊட்டியில் கரும்புகை வந்தால் பயப்பட வேண்டாம். 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது, டர்போ இல்லாத இன்ஜினின் சக்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். அங்கே ஏசி எப்படியும் தேவைப்படாது. கெய்சரையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் ஒரே நேரத்தில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.