கேள்வி – பதில்: ஃபெய்த் ஏன் காவல் நிலையத்துக்குப் போனாள்?

கேள்வி: 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்', அதன் கிளைத் தொடரான 'ஏஞ்சல்' இரண்டையும் அண்மையில் பார்த்து முடித்தேன். காட்டேரியாக அலைந்து எண்ணற்றவர்களைக் கொன்ற ஏஞ்சலை மன்னிக்க முடிகிற எனக்கு, ஒரு சிலரைக் கொன்ற ஃபெய்த்தை மன்னிக்க மனம் வரவில்லை. கோணல் என்னிடமா, கதையிடமா? (மதுரை வாசகி)

பதில்: இரண்டிடமும் இல்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் உணர்ந்த அந்த வேறுபாட்டைக் கதையே தெரிந்துதான் வைத்திருக்கிறது. ஏஞ்சல் 1753இல் காட்டேரியாக்கப்பட்டபோது அவனுடைய ஆன்மா உடலைவிட்டு நீங்கிவிடுகிறது. 1898இல், தங்கள் குலப்பெண்ணை அவன் கொன்றதற்குத் தண்டனையாக ரோமானி நாடோடிகள் சாபமிட்டு அதைத் திரும்ப ஏற்றுகிறார்கள். ஆகவே கொன்றவன் ஒருவன், வருந்துகிறவன் வேறொருவன் என்று நாம் பிரித்துப் பார்த்துக்கொள்ள இடமிருக்கிறது. ஃபெய்த்துக்கு அந்த ஒதுங்குமிடம் கிடையாது. அவள் காட்டேரிகளை அழிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்லேயர், பஃபியைப் போலவே உயிரும் ஆன்மாவும் உள்ள மனுஷி. எந்தப் பேயும் அவளைப் பிடிக்கவில்லை. அவள் செய்தவை எல்லாம் அவளே செய்தவை.

பஃபி தொடரின் மூன்றாம் பருவத்தில், 1999 பிப்ரவரியில் ஒளிபரப்பான பகுதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இருண்ட சந்தில் இரு பெண்களும் காட்டேரிகளோடு மோதிக்கொண்டிருக்கும்போது ஒருவர் குறுக்கே வர, ஃபெய்த் கூரிய மரக்கட்டையை அவர் நெஞ்சில் இறக்கிவிடுகிறாள். இறந்தவர் நகரத்தின் துணை மேயர். அது விபத்து, அந்த நிமிடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே வேறு பக்கம் திரும்பியிருக்கும். மறுநாள் அவள் தங்கியிருக்கும் மலிவான விடுதி அறைக்குப் பஃபி வரும்போது, ஃபெய்த் தன் துணியிலிருக்கும் ரத்தக்கறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறாள். உடலை அப்புறப்படுத்திவிட்டதாகவும், தனக்கு இதில் கவலையே இல்லை என்றும் சொல்கிறாள். கவலை இல்லாதவளுக்குக் கறையை அப்படித் தேய்க்க வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்வி பார்ப்பவருக்கு எழுகிறது. ஃபெய்த்தாக வரும் எலைசா டுஷ்குவின் நடிப்பில் அந்தக் கைகள் ஒன்றைச் சொல்கின்றன, வாய் வேறொன்றைச் சொல்கிறது. குற்றவுணர்வு கண்ணீரோடுதான் வர வேண்டும் என்று நாம் பழகிவிட்டதால், திமிராகவும் பழியைப் பஃபியின் மேல் போடும் பொய்யாகவும் அது வரும்போது நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

ஆனாலும் உங்கள் மனம் மறுப்பது நியாயமே. அதன்பின் அந்தப் பருவத்தின் வில்லனான மேயரிடம் வேலைக்குச் சேர்ந்து, தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஓர் எரிமலை ஆய்வாளரை, ஏன் என்றுகூடக் கேட்காமல், அவர் வீட்டிலேயே குத்திக் கொல்கிறாள். இதற்கு விபத்து என்ற பெயர் பொருந்தாது. பஃபியால் குத்துப்பட்டு, பல மாதங்கள் நினைவிழந்து கிடந்து எழுந்தபிறகும் அவள் திருந்தவில்லை. லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய், ஏஞ்சலைக் கொல்லக் கூலி வாங்கிக்கொண்டு, தன் பழைய கண்காணிப்பாளரான (ஸ்லேயருக்குப் பயிற்சி கொடுத்து வழிநடத்துபவர்) வெஸ்லியை நாற்காலியில் கட்டிவைத்துச் சித்திரவதை செய்கிறாள்.

அந்தப் பகுதியின் முடிவில், கொட்டும் மழையில் ஏஞ்சலை அடித்துக்கொண்டே, தான் கெட்டவள் என்று கத்தித் தன்னைக் கொன்றுவிடும்படி கெஞ்சுகிறாள். அவனைக் கொல்ல வந்தவள் உண்மையில் அவன் கையால் சாக வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்குகிறது. அவன் திருப்பி அடிக்காமல் அவளைப் பிடித்து அணைத்துக்கொள்கிறான். கட்டை அவிழ்த்துக்கொண்டு கையில் கத்தியோடு இறங்கி வரும் வெஸ்லி இதைப் பார்த்து நிற்கிறான். கத்தி அவன் கையிலிருந்து நழுவி விழுகிறது. இந்தப் பகுதி முழுவதும் 1898இல் சாபம் பெற்ற ஏஞ்சலின் காட்சிகள் இடையிடையே வருவது காரணத்தோடுதான்: அவனுக்கு மந்திரத்தால் வெளியிலிருந்து வந்த வலி, இவளுக்கு எந்த மந்திரமும் இல்லாமல் உள்ளிருந்தே வருகிறது.

அமானுஷ்யத் தொடர்கள் பாவியைக் கரையேற்ற வழக்கமாகக் கையாளும் வழி, உலகைக் காக்கும் ஒரு தியாக மரணம். ஃபெய்த்துக்கு அந்த வழி மறுக்கப்படுகிறது. அவள் காவல் நிலையத்துக்கு நடந்து போய் வாக்குமூலம் கொடுக்கிறாள். அதற்குமுன் மொட்டைமாடியில் பஃபியிடம் மன்னிப்புக் கேட்க முயலும்போது, கேட்டால் அடித்தே கொன்றுவிடுவேன் என்று பஃபி சொல்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. பாதிக்கப்பட்டவள் மன்னித்தே ஆக வேண்டும் என்று அந்தக் காட்சி யாரையும் வற்புறுத்துவதில்லை; மன்னிப்புக் கிடைக்காது என்று தெரிந்தபிறகும் ஃபெய்த் சரணடைகிறாள். ஆகவே நீங்களும் அவளை மன்னிக்க வேண்டியதில்லை. அவளுடைய மீட்சி உங்கள் மன்னிப்பையோ பஃபியின் மன்னிப்பையோ நம்பி எழுதப்பட்டதன்று.

கேள்வி: மேயர் அவள்மேல் காட்டியது உண்மையான அன்பா, அல்லது வெறும் தூண்டிலா? (ஈரோடு வாசகர்)

பதில்: உண்மையான அன்பு என்பதே என் முடிவு, அவள் சறுக்கியதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். நல்ல வீடு பார்த்துக் கொடுக்கிறார், உடை வாங்கித் தருகிறார், கத்தியையும் பரிசாகத் தருகிறார். அவள் நினைவிழந்து கிடக்கும்போது பதறுகிறார். தாம் இறந்துவிட்டால் அவளுக்கு யாரும் இருக்கமாட்டார்கள் என்று எண்ணி, அவளுக்காக ஒரு காணொளிப் பதிவையும் விட்டுச் செல்கிறார். நல்லவர்கள் பக்கத்தில் அவளுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவள் மனம் திறக்கத் தொடங்கியிருந்த ஒரே ஓர் இரவில், ஏஞ்சல் அவளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே, வெஸ்லி ஆட்களோடு புகுந்து விலங்கிட்டு இழுத்துச் செல்கிறான். கொலைக்கு இது சமாதானம் ஆகாது. ஆனால் சட்டப்படி சரியான ஒரு செயலைத் தவறான நேரத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் காட்சி கொஞ்சமும் பூசி மெழுகாமல் காட்டுகிறது. வெஸ்லி மட்டும் கொஞ்சம் பொறுத்திருந்தால் என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்கிறது.

கேள்வி: பின்னால் சிறையிலிருந்து தப்பி ஓடுகிறாளே, அத்துடன் அவள் செய்த பிராயச்சித்தம் வீணாகிவிடவில்லையா? (கோவை வாசகி)

பதில்: கண்ணாடியை உடைத்து ஜன்னல் வழியே குதித்துப் போகும் பலம் அவளுக்கு முதல் நாளே இருந்தது, ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவள் அதைப் பயன்படுத்தவில்லை. ஏஞ்சல் மீண்டும் ஆன்மாவை இழந்துவிட்டான் என்று வெஸ்லி வந்து சொன்னபிறகே வெளியேறுகிறாள். அவனைக் கொன்றுவிடலாம் என்று சுற்றியிருப்பவர்கள் நினைக்கும்போது, உயிரோடு பிடித்தே தீருவேன் என்று நிற்பதும் அவள்தான். அவனை மடக்குவதற்காகத் தன் உடலிலேயே போதைமருந்தை ஏற்றிக்கொண்டு அவனைக் கடிக்கவிட்டு, சாகும் நிலைக்குப் போகிறாள். அந்த மயக்கத்தில், தன் கணக்கு முடிந்துவிட்டது, இனிப் போகலாம் என்கிறாள். இந்தக் கணக்கு என்றுமே முடியாது, எழுந்து போராடு என்கிறான் ஏஞ்சல். 2000இல் மழையில் கேட்ட அதே சாவு இப்போது கௌரவத்தோடு கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு எழுகிறாள். ஆகவே சிறைச்சுவரைத் தாண்டியதால் எதுவும் வீணாகவில்லை என்பேன்.

2003 மே 20 அன்று ஒளிபரப்பான இறுதிப் பகுதியில், குத்துப்பட்டு விழுந்த பஃபி தன் ஆயுதத்தை அவளிடம்தான் கொடுத்து, அணியைத் தளரவிடாதே என்கிறாள். மன்னித்தேன் என்ற சொல் அப்போதும் வருவதில்லை.

கேள்வி: ஃபெய்த்தின் கதையை மட்டும் பார்க்க வேண்டுமானால் எதிலிருந்து தொடங்கலாம்? (சேலம் வாசகர்)

பதில்: பஃபியின் மூன்றாம் பருவத்தை முழுமையாகப் பாருங்கள். அடுத்து அதன் நான்காம் பருவத்தில் 15, 16ஆம் பகுதிகள். உடனே ஏஞ்சல் முதல் பருவத்தின் 18, 19. பிறகு ஏஞ்சல் நான்காம் பருவத்தின் 13 முதல் 15 வரை. கடைசியாகப் பஃபி ஏழாம் பருவத்தின் 18ஆம் பகுதியிலிருந்து முடிவுவரை. ஏஞ்சல் இரண்டாம் பருவத்தின் முதல் பகுதியில், கண்ணாடித் தடுப்புக்கு இருபுறமும் அமர்ந்து ஃபெய்த்தும் ஏஞ்சலும் பேசும் சிறைக்காட்சி சிறியதுதான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.