பெர்லினுக்குப் பாமரேனியன்: டிக்கெட்டுக்கு முன்னாடி சிப்

வண்ணாரப்பேட்டையிலேர்ந்து வேலைக்கு பெர்லின் வரப்போற தம்பி, வாடகை, குளிர் உடுப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டுட்டு, கடைசியில "எங்க பாமையும் (பாமரேனியன் நாய்) கூட்டிட்டு வரலாமா, செலவு என்ன ஆகும்?"னு கேட்டிருக்கீங்க. ஜாக்கெட் வாங்குற கடையைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நாய்க்கு மட்டும் நான் சொல்றேன்.

முதல்ல நாய்க்குத் தோலுக்கடியில அடையாள மைக்ரோசிப். அதை வெச்ச பிறகு போடுற வெறிநாய்க்கடி ஊசிதான் கணக்கு. முன்னாடி போட்டது செல்லாது. ஊசி போட்டு 30 நாள் கழிச்சு ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏத்துக்கிட்ட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும்; எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு 0.5 ஐயூவாவது (சர்வதேச அலகு) காட்டணும். ரத்தம் எடுத்த நாள்லேர்ந்து இன்னும் 3 மாசம் காத்திருக்கணும். ஆக 4 மாசத்துக்குக் குறைஞ்சு ஆகாது. டிக்கெட் போட்டுட்டு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினா டாக்டர் என்ன பண்ணுவார், பாவம்? நடுவுல பூஸ்டர் தேதி தவறினா ரத்தப் பரிசோதனையும் மறுபடி. கடைசியில ஏ.க்யூ.சி.எஸ்.னு சொல்ற இந்திய அரசு விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தோட சான்றிதழ், அது கொடுத்த 10 நாளுக்குள்ள ஐரோப்பாவுல இறங்கிடணும்.

அப்புறம் எடை. நம்ம பக்கம் பாம்னு விக்கிறதுல நிறைய இந்தியன் ஸ்பிட்ஸ்ங்கிற வேற ஜாதிதான். லுஃப்தான்சா விமானத்துல கேபின்ல பையோட சேர்த்து 8 கிலோதான் வரம்பு. ஸ்பிட்ஸ் சுலபமா தாண்டிடும். இப்பவே பையோட தராசுல வெச்சுப் பாருங்க. பக் மாதிரி சப்பை மூக்கு நாயா இருந்தா இன்னும் சிக்கல், மூச்சுத் திணறும்னு பல விமானங்கள் சரக்கு அறையில ஏத்தவே மாட்டாங்க.

இங்க வந்த பிறகு வருஷத்துக்கு 120 யூரோ நாய் வரி. ரெண்டாவது நாய்னா அதுக்கு 180. குறைஞ்சது 10 லட்சம் யூரோவுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், ஆனா பிரீமியம் பெருசில்லை. வரி கட்டாம நாயை மறைச்சு வளர்க்கிற நம்ம ஆளுங்களும் உண்டு, அவங்க பேச்சைக் கேக்காதீங்க.

உண்மையான செலவு நாய் டாக்டர்கிட்ட. கட்டணம் சட்டத்துல இருக்கு, 2022 நவம்பர்ல ஏத்தினாங்க. சும்மா பார்த்து ஆலோசனை சொல்ல 23.62 யூரோ, மேல 19% வரி; டாக்டர் நினைச்சா மும்மடங்கு வரை போடலாம். ராத்திரி அவசரம்னா குறைஞ்சது ரெண்டு மடங்கு, கூட 50 யூரோ. மருந்தே இல்லாம, வரியோட 115 யூரோ தாண்டும். சின்ன ஜாதிக்குப் பல்லுல கறை படிஞ்சு ஈறு கெடும். சுத்தம் பண்ண மயக்க மருந்து வேணும், அதனால பில் எகிறும். தினமும் பல் தேய்ச்சு விடுங்க. முழங்கால் சில்லு நழுவுறதும் இந்த ஜாதியில சகஜம். கழுத்துப் பட்டையை விட்டுட்டு மார்புப் பட்டை போடுங்க, மூச்சுக்குழல் நசுங்காது. அறுவை சிகிச்சைக் காப்பீடு எடுக்கிறதுன்னா நோய் வர்றதுக்கு முன்னாடி எடுங்க. பழைய வியாதிக்குத் தரமாட்டாங்க.

பழைய நாயை ஊர்ல விட்டுட்டு வந்து, இணையத்துல மலிவு விலைக் குட்டி வாங்குறவங்க இருக்காங்க. பேப்பர் இல்லாம கார் நிறுத்துமிடத்துல கைமாத்துற குட்டி பெரும்பாலும் கடத்தல் சரக்கு.

ஊர்ல மாநகராட்சி உரிமத்துக்குக் கொஞ்சம் காசு, மொட்டை மாடி, ஒரு கிண்ணம் தயிர்சாதம். மின்ட் தெரு பக்கம் அந்தக் காலத்துல உரிமமே யார் எடுத்தா? அந்தக் கணக்கை இங்க போடாதீங்க. வீட்டுக்காரர்கிட்ட நாய் வளர்க்க அனுமதியை எழுத்துல வாங்கிட்டு அப்புறம் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுங்க. வாடகை எவ்வளவுன்னு வேற யாரையாவது கேளுங்க.