புடலைக்கு அந்தி, பாகலுக்கு விடியல்

கேள்வி: மொட்டைமாடிப் புடலையில் பிஞ்சு சுண்டுவிரல் அளவிலேயே மஞ்சளடித்து உதிர்கிறது. காலை ஏழு மணிக்கு ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தேய்த்தும் காய் பிடிக்கவில்லை. ஏன்?
– வாசகி, திருமங்கலம்

செய்முறை சரி, நேரம்தான் தப்பு. புடலைப் பூ பொழுது சாய்ந்த பிறகே விரியும். காலையில் நீங்கள் பார்ப்பது சுருண்ட பூ. இரவில் வரும் அந்துப்பூச்சிகள்தான் அதற்கு மகரந்தம் சேர்ப்பவை. உயரமான மாடிக்கு அவை குறைவாகவே வரும் என்பதால் கைவேலை அவசியம்தான்.

மாலை ஆறரைக்கு மேல் போய்ப் பாருங்கள். நீளக் காம்பில் கொத்தாக நிற்பவை ஆண்பூக்கள். தனியாக, அடியில் மெல்லிய பிஞ்சோடு இருப்பது பெண்பூ. அன்று விரிந்த ஆண்பூவின் நூல் நூலான வெள்ளை இதழ்களைப் பின்னுக்கு மடக்கி, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே நிற்கும் சூல்முடியில் மெதுவாக ஒற்றுங்கள். அழுத்தித் தேய்த்தால் சூல்முடி நசுங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு தடித்தால் பலித்தது.

சுரைக்கும் பீர்க்குக்கும் அந்திதான். பாகல், பரங்கி, வெள்ளரிக்கு விடியற்காலை. பரங்கிப் பூ வெயில் ஏறினாலே கூம்பிவிடும். பூக்கத் தொடங்கிய முதல் இரண்டு வாரம் ஆண்பூ மட்டும் வந்தால் கவலை வேண்டாம். அதன்பிறகும் அப்படியே நீடித்தால் யூரியாவை நிறுத்துங்கள். சித்திரை வெயிலிலும் ஆண்பூ மிகும். எங்கள் யோசனை ஆடிப்பட்டம்.

கேள்வி: மாமரத்துக்கு வாங்கிய பழ ஈப் பொறியைப் பீர்க்கம் பந்தலில் தொங்கவிட்டேன். காய் அழுகுவது நிற்கவில்லை.
– வாசகர், மேலூர்

மாம்பழ ஈ வேறு, கொடிக்காய் ஈ வேறு. மாம்பொறியில் இருக்கும் மெத்தில் யூஜினால் என்ற ஈர்ப்பு மருந்துக்குக் கொடிக்காய் ஈ வராது. கொடிக்காய் ஈயை இழுக்கும் மருந்தைக் கடையில் ‘கியூ லூர்’ என்று கேட்டு வாங்குங்கள். அதிலும் ஆண் ஈ மட்டுமே சிக்கும். ஆகவே பிஞ்சைக் கவனியுங்கள்: ஊசி குத்திய புள்ளியும் அதன்மேல் பிசின் துளியும் தெரிந்தால் ஈ முட்டையிட்டுவிட்டது. உடனே பறித்து, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, சில நாள் வெயிலில் போடுங்கள். குப்பைக்குழியில் எறிந்தால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாகக் கிளம்பும். பந்தலடி மண்ணை அவ்வப்போது கிளறிவிடுங்கள். வீட்டுக்கு நாலைந்து கொடிதான் என்றால் பிஞ்சுக்குக் காகித உறை மாட்டுவதே மேல்.

கேள்வி: சுரைக்காய் கசக்கிறது. பக்கத்துப் பாகல் மகரந்தம் கலந்ததாலா? வேகவைத்தால் போய்விடுமா?
– வாசகி, உசிலம்பட்டி

பாகலும் சுரையும் கலக்கவே கலக்காது. கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருளால் வருவது, வேகவைத்தாலும் போகாது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தவாந்திவரை கொண்டுபோய்விடும். நறுக்கும்போதே ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள். அந்தக் கொடியில் விதைக்காகவும் காய் விடாதீர்கள். ஜூஸ் குடிப்பவர்கள் இதைத் தவறவே கூடாது.

கேள்வி: பூசணி இலையில் வெள்ளை மாவு. கந்தகத் தூள் தூவலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

கூடாது. கொடிக்காய் இலைகள் கந்தகத்தில் கருகும். மாவு படிந்த அடியிலைகளைக் கிள்ளி எடுத்து, காற்றோட்டம் விடுங்கள்.

கேள்வி: எம்.டி.யு. 1 ரகப் பாகல், எம்.டி.யு. 1 ரகப் புடலை இரண்டிலும் விதை எடுத்து வைக்கலாமா?
– வாசகர், அலங்காநல்லூர்

பெயர் ஒன்றானாலும் பதில் வேறு. பாகல், உள்ளூர் ரகத்துக்குக் காமாக் கதிர் செலுத்தித் தேர்ந்தது. அருகில் வேறு பாகல் இல்லையென்றால் விதை மாறாது. புடலையோ பன்றிப்புடலையும் தனியாமங்கலத்திலிருந்து தேர்ந்தெடுத்த வகையையும் இணைத்த வீரிய ஒட்டு; அதன் விதையில் காய் பலவிதமாகப் பிரிந்துவரும், ஒவ்வொரு பட்டத்துக்கும் புதிது வாங்கவேண்டும்.