டெட், டவுட்: உச்சரிக்காத அந்த பி எங்கிருந்து வந்தது?

டெட் (debt, கடன்), டவுட் (doubt, சந்தேகம்) என்ற சொற்களில் எழுதி உச்சரிக்காமல் விடும் பி-யை முன்பு ஒலித்தார்களா என்று உங்கள் மகள் கேட்டிருக்கிறாள். அந்த பி ஆங்கிலத்தில் ஒருபோதும் ஒலித்ததில்லை. ஆகவே, "எந்தக் காலத்தில் ஒலிப்பதை விட்டார்கள்?" என்ற அவளது கேள்விக்கு விடையே கிடையாது. அதனால்தான் தேடியும் கிடைக்கவில்லை.

இரண்டுமே பிரெஞ்சு வழியாக, பி இல்லாமல் ஆங்கிலத்துக்கு வந்தவை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் லத்தீன் மோகம் பிடித்த படிப்பாளிகள், மூலச்சொல் தெரியட்டும் என்று எழுத்தில் மட்டும் பி-யைச் செருகினார்கள். டெட்டுக்கு மூலம் லத்தீனின் "டெபிட்டும்" (debitum), டவுட்டுக்கு "டூபிட்டாரே" (dubitare). (நம் டெபிட் கார்டில் உள்ள டெபிட்டும் அந்த debitum வழி வந்ததுதான். அங்கே பி ஒலிக்கிறது!)

சந்தேகம் இருந்தால் பிரெஞ்சு அகராதியில் கடனுக்கும் சந்தேகத்துக்கும் உள்ள சொற்களைப் பாருங்கள். இன்றும் பி இருக்காது.

இந்தத் திருத்தம் எப்போதும் ஒரே மாதிரி முடியவில்லை. ஃபால்ட் (fault, தவறு) என்ற சொல்லில் இப்படிச் செருகிய எல் நாளடைவில் ஒலிக்கவே தொடங்கிவிட்டது. ஐலண்ட் (island, தீவு) கதை இன்னும் வேடிக்கை: அது பழைய ஆங்கிலச் சொல், தீவைக் குறிக்கும் லத்தீன் இன்சுலாவோடு (insula) உறவே இல்லை. தப்பாக உறவு கொண்டாடி எஸ்ஸை நுழைத்துவிட்டார்கள்.

ஒன்று கவனம்: ஊமை பி எல்லாவற்றுக்கும் லத்தீனைக் காரணம் சொல்லாதீர்கள். லாம்ப் (lamb, ஆட்டுக்குட்டி), கிளைம்ப் (climb, ஏறுதல்) ஆகியவற்றில் பி ஒரு காலத்தில் உண்மையிலேயே ஒலித்தது. மகளின் கேள்வி அந்தச் சொற்களுக்குப் பொருந்தும்.