குளிர் போவதில்லை, ஈரம் வருகிறது

இரும்புச் சட்டகக் குளிர்பதனக் கிடங்குகள்: வாசகர் கேள்விகளும் பொறியாளர் பதில்களும்

கடிதம் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கிடங்கு கட்டும் வேலையில் எனக்கு 26 வருடம் ஆகிறது. முதல் 4 வருடம் போல்ட் முடுக்குகிறவர்களோடு ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோண இரும்புச் சட்டம்) மேலேயே கழிந்தது. இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அங்கே கற்றதுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

மண்டிக்குப் பின்னால் 60 அடிக்கு 40 அடியில் பழைய ட்ரஸ் ஷெட் இருக்கிறது. உள்ளே பஃப் பேனல் (இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்த பலகை) அடித்தால் போதும், புதிதாக இரும்பு வேலை எதுவும் வேண்டாம் என்கிறார் பேனல் விற்பவர். நம்பலாமா?
(ஒட்டன்சத்திரம் வாசகர்)

பேனல் நல்ல சரக்காகவே இருக்கலாம். ஆனால் "இரும்பு வேலை வேண்டாம்" என்கிற பேச்சை மட்டும் ஏற்காதீர்கள். 100 மி.மீ. பேனல் சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ. உங்கள் ஷெட் அளவுக்குக் கூரைப் பேனல் மட்டுமே இரண்டரை டன்னைத் தாண்டும். அதன்மேல் ஆள் ஏறி நடப்பார். உள்ளே தொங்கும் கூலிங் யூனிட் ஒவ்வொன்றும் சில நூறு கிலோ வரும். யூனிட்டின் குளிர்க்குழாய்ச் சுருளில் (காயில்) பனி படிந்தால் எடை இன்னும் ஏறும், விசிறி ஓடுவதால் ஓயாத அதிர்வும் இருக்கும். பழைய ட்ரஸைச் செய்தவர் மேலே போட்ட தகரத்தையும் காற்றையும்தான் கணக்கில் வைத்திருப்பார். அடிக்கம்பியில் ஒருநாள் இவ்வளவு தொங்கும் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை.

உங்களுக்கு என் யோசனை இது. பழைய ஷெட் வெயிலுக்கும் மழைக்கும் குடையாக மட்டும் நிற்கட்டும். அதற்குள் தனிக் கால்கள் ஊன்றி, பேனலையும் யூனிட்டையும் தாங்க ஒரு சிறு சட்டகம் போடுங்கள். தகரத்துக்கும் பேனல் கூரைக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற அளவு இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் காற்றுப் போக்கு வையுங்கள். சித்திரை வெயிலில் தகரம் கொதிக்கும். அந்தச் சூடு அங்கேயே அடைபட்டால் கரண்ட் பில் சொல்லிவிடும்.

பேனல் மூட்டுகளை அடைக்கும் பசையான சீலண்ட் எந்தப் பக்கம் என்றும் கேட்டிருந்தீர்கள். வெளிப்பக்கம், அதாவது சூடான பக்கம். அங்கே ஒரு மூட்டுகூட விடுபடக் கூடாது. குளிர் வெளியே போய்விடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் கிடங்கைக் கெடுப்பது வெளியே இருந்து வருகிற ஈரம். சூடான காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த பக்கம் நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். மயிரிழை இடுக்கு கிடைத்தாலும் நுழைந்து, நுரைக்குள் தண்ணீராகி, இன்னும் உள்ளே பனிக்கட்டியாகிவிடும். ஈரம் ஏறிய நுரை வெப்பத்தைத் தடுக்காது. வெளித் தகடு பளபளவென்று அப்படியே இருப்பதால், உள்ளே ஊறிப்போனது பல வருடம் தெரியாது.

ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். எல்லாக் காய்க்கும் ஒரே அறை என்று திட்டமிடாதீர்கள். கேரட்டுக்குச் சுகமான 0 டிகிரியில் பச்சைத் தக்காளியை வைத்தால், அது வெளியே வந்த பிறகு பழுக்காமல் அழுகும். தக்காளிக்கு 12, 13 டிகிரி வேண்டும். இரண்டு அறையாகப் பிரித்துவிடுங்கள்.

எங்கள் இறால் கிடங்கு மைனஸ் 20 டிகிரியில் ஓடுகிறது. மூன்றாம் வருடம் தரை நடுவில் வீங்கி வெடித்துவிட்டது. ரேக்குகள் சாய்கின்றன. "உங்கள் மண் சரியில்லை" என்கிறார் கட்டிக் கொடுத்தவர்.
(தூத்துக்குடி வாசகர்)

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இதே காட்சியை இன்னொரு கடலோர ஊரில் நேரில் பார்த்திருக்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பையன்தான் முதலில் கவனித்தான். நடுச் சந்தில் வண்டி மேடேறுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான், யாரும் காதில் வாங்கவில்லை.

தரைக்கு அடியில் எவ்வளவு கனமாக இன்சுலேஷன் (வெப்பத் தடுப்பு) பலகை போட்டாலும் குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கத்தான் செய்யும். கிடங்கு ஒருநாள்கூட நிற்காமல் ஓடுவதால், இரண்டு மூன்று வருடத்தில் கீழே உள்ள மண் 0 டிகிரியைத் தொட்டுவிடும். மண்ணில் இருக்கிற தண்ணீர் உறையும். அதோடு நிற்காது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, உறைகிற இடம் கீழே இருக்கும் ஈரத்தை மேலே இழுத்து, அடுக்கடுக்காகப் பனிக்கட்டி கட்டும். அது தரையைத் தூக்கும். பக்கத்தில் தூண் அஸ்திவாரம் இருந்தால் அதையும் தூக்கும். களிமண் கலந்து நிரப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். நிலத்தடி நீரும் உயரத்தில் இருப்பதால் இது வேகமாக நடக்கும். ஆகவே மண்ணின் பங்கு உண்டு. ஆனால் மண்ணை உறையவிடாமல் காப்பது கட்டியவர் பொறுப்பு.

அதற்கு வழி ரொம்ப எளிமையானது. இன்சுலேஷனுக்கும் கீழே வரிசையாகக் குழாய் பதித்து, இரண்டு முனையையும் வெளிக்காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். குளிர் நாடுகளில் இதற்காக ஹீட்டர் கம்பியோ, சூடாக்கிய கிளைகால் (எளிதில் உறையாத திரவம்) ஓடும் குழாயோ போட்டுச் செலவழிக்கிறார்கள். நம் கடற்கரையில் வருடம் முழுக்கச் சூடான காற்று இலவசமாகவே கிடைக்கிறது. குழாய் ஒரு பக்கம் சாய்வாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஈரக்காற்று உள்ளே போய்த் தண்ணீராகி நிற்கும். குழாயின் வாய்களில் எலி புகாத வலை கட்டுங்கள். உள்ளே வெப்பம் காட்டும் சென்சார் ஒன்று இருக்கட்டும். 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உடனே கவனிக்க வேண்டும்.

நான் பார்த்த கிடங்கில் குழாய் இருந்தது. ஆனால் சுற்றுச்சுவரோரம் மண் நிரப்பித் தளம் போட்டபோது குழாய் வாய் அத்தனையையும் மூடிவிட்டார்கள். யாரும் தப்பு செய்யும் எண்ணத்தில் மூடவில்லை. அது எதற்கு என்று அந்தக் கொத்தனாருக்கு யாரும் சொல்லவில்லை. நீங்களும் முதலில் வெளியே போய், அப்படி ஏதாவது குழாய் வாய் புதைந்து கிடக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். குழாயே இல்லையென்றால் சரக்கை வேறிடம் மாற்றி, கிடங்கை நிறுத்தி, மண் மெல்ல உருக விட்டுத் தரையை மறுபடி போட வேண்டியிருக்கும். உருக மாதக் கணக்காகும். மேலே சிமென்ட் பூசிச் சமன் செய்து அந்தப் பணத்தை வீணாக்காதீர்கள்.

இரும்புத் தூண்கள் பேனலுக்கு உள்ளே வர வேண்டுமா, வெளியேவா? மிளகாய் வத்தல் மூட்டைக்கு எத்தனை மி.மீ. பேனல்?
(விருதுநகர் வாசகர்)

வத்தலுக்கு 4 முதல் 8 டிகிரி. அதற்கு 100 மி.மீ. போதும்.

தூண் விஷயத்தில், இடம் இருந்தால் வெளியே வையுங்கள். சட்டகம் முழுக்க வெளிவெப்பத்தில் இருக்கும், குளிர்ப்பெட்டி உள்ளே தனியாக உட்கார்ந்திருக்கும். இன்சுலேஷனைத் துளைத்துப் போகிற இரும்பே இருக்காது. கூரைப் பேனலைத் தொங்கவிடும் இடத்தில் மட்டும் நைலான் தலை வைத்த போல்ட் கேளுங்கள். இரும்பு போல்ட் போட்டால், அது ஒவ்வொன்றும் சூட்டை உள்ளே கடத்தி, வெளியே வியர்த்துச் சொட்டும்.

உறைநிலைக் கிடங்கில் தூண் உள்ளேதான் வரும் என்றால் இரண்டு கவலை கூடுகிறது. இரும்பு சுருங்கும். 35 டிகிரி வெயிலில் கட்டிய 60 மீட்டர் நீளச் சட்டகம் மைனஸ் 20-க்குப் போகும்போது ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் குறையும். அதற்கு நீள்துளை விட்டு போல்ட் போடாவிட்டால் பேனல் மூட்டு பிளந்து ஈரத்துக்கு வழி திறந்துவிடும். அடுத்தது, கடுங்குளிரில் சாதாரண இரும்பு இளகிக்கொடுக்காமல் உடையக்கூடியதாகிவிடும். கட்டட இரும்புக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2062-ல் 'சி' வகை இரும்பை மைனஸ் 20 டிகிரியில் அடித்துச் சோதிப்பார்கள், 'பி0' வகையை 0 டிகிரியில். 'ஏ' வகைக்கு அந்தச் சோதனையே கிடையாது. மில் சான்றிதழில் இந்த எழுத்தைப் பார்த்துவிட்டு லாரியை உள்ளே விடுங்கள்.

கோவையில் கட்டிய கிடங்கின் வரைபடம் கையில் இருக்கிறது. அதையே செங்குன்றத்தில் கட்டினால் டிசைன் செலவு மிச்சம்தானே?
(சென்னை வாசகர்)

கூடாது. கணக்குக்கு எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், சட்டகத்தின் மேல் விழும் தள்ளல் ஒன்றரை மடங்குக்கும் மேலே போகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அன்று நீங்களும் சென்னையில் இருந்திருப்பீர்கள்.

புது உறைநிலை அறையை முதல் தடவை ஓடவிட்டோம். மறுநாள் காலை சுவர்ப் பேனல் உள்பக்கம் குழிந்திருந்தது. பேனல் மட்டமா?
(கிருஷ்ணகிரி, உழவர் உற்பத்தியாளர் குழுப் பெண்கள்)

அம்மா, பேனல்மேல் பழி இல்லை. 30 டிகிரி காற்றை மைனஸ் 20-க்குக் குளிரவைத்தால் அதன் அளவு ஆறில் ஒரு பங்கு சுருங்கும். கதவு இறுக்கமாக இருந்தால் வெளிக்காற்று சுவரை உள்ளே அழுத்தும். இதற்காகச் சுவரில் காற்றழுத்தம் சமன் செய்யும் வால்வு என்று ஒரு சிறு பெட்டி வைப்பார்கள். அதில் ஹீட்டர் கம்பி ஓட வேண்டும், இல்லையேல் பனி பிடித்து அடைத்துக்கொள்ளும். உங்கள் அறையில் அது இருக்கிறதா, அதற்குக் கரண்ட் கொடுத்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். ஒரே ராத்திரியில் குளிரை இறக்கியதும் தவறு. நாளுக்குச் சில டிகிரியாக இறக்கி, 2 டிகிரியில் சில நாள் நிறுத்தி, கான்கிரீட்டின் ஈரம் வெளியேறிய பிறகு உறைநிலைக்குப் போக வேண்டும். குழிந்த பேனலின் மூட்டு பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிரியவில்லை என்றால் சீலண்டைப் புதுப்பித்தால் போதும்.

நான் இந்த வேலைக்குப் புதிதாக வந்த பொறியாளன். தளத்தில் எதை முதலில் கவனிக்க வேண்டும்?
(சேலம் வாசகர்)

தம்பி, பேனல் ஏற்றிய பிறகு வெல்டிங் மெஷினைத் தளத்துக்குள் விடாதே. நான் வேலை பார்த்த ஒரு தளத்தில் எல்லாம் முடிந்து, கேபிள் தட்டைத் தாங்க ஒரே ஒரு கிளீட் (சிறு இரும்புத் துண்டு) மட்டும் பாக்கி. அதை வெல்டிங் வைத்தார்கள். பொறி பேனல் வெட்டுமுனையில் திறந்திருந்த நுரையில் விழுந்தது. வெளியே தெரியாமல் தகடுகளுக்கு நடுவே தீ ஓடி, கரும்புகை வந்தபோது அணைக்கத் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. ஆட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், அதுவே பெரிய ஆறுதல். எட்டு மாத உழைப்பு ஒரு மதியத்தில் போயிற்று.

ஆகவே கிளீட், பிராக்கெட், குழாய்த் தாங்கி எல்லாவற்றையும் வரைபடத்திலேயே குறித்து, பட்டறையிலேயே வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்துக் கொண்டுவரச் சொல். மறந்துபோனதை தளத்தில் போல்ட் போட்டுச் சேர். வெட்டிய பேனல் முனை எதுவும் அன்றைய இரவுக்குத் திறந்து கிடக்கக் கூடாது. தகட்டுப் பட்டி வைத்து, சீலண்ட் இழுத்து மூடிவிட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாக நீயே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போ.